நேர்ச்சைப் படகின் துரு

"துரு வரமாட்டேங்குது," என்றான் கஸ்பார்.

எமல்டா நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த மெல்லிய பிரஷ்ஷை முன்கையில் ஒருமுறை இழுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"ஊரே அது வரக்கூடாதுன்னுதான் பெயிண்ட் வாங்குது."

"எனக்கு வரணும்."

துணிப்பையிலிருந்து ஒரு தகரப் படகை எடுத்து அவள் மேசைமேல் வைத்தான். முழ நீளம் இருக்கும். படகுத்துறை வெல்டர் ஒருவர் நிஜப் படகை அளந்து பார்த்துச் செய்து கொடுத்தது. படகோட்டி நிற்கும் வீல்ஹவுஸ், வலை இழுக்கும் வின்ச், ஐஸ் பெட்டியின் மூடி, சுற்றிலும் கைப்பிடிக் கம்பி என்று எல்லாம் கச்சிதமாக இருந்தன. அதற்கு நீலம் அடித்து, நீலத்தின்மேல் காவியைக் கரைத்து ஊற்றியிருந்தான் கஸ்பார்.

எமல்டா படகைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

"மீன்குழம்பு கொட்டின மாதிரி இருக்கு, அண்ணே."

"அதான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

*

துறைமுகச் சாலையில் ஒரு பழைய உப்புக் கிடங்கின் மாடியில் அவள் வேலை செய்துவந்தாள். கப்பல் கம்பெனிகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்குச் சின்னக் கப்பல்கள் செய்வாள். சினிமாக்காரர்களுக்குத் தரைதட்டிய கப்பல், எரிந்த லாரி, கைவிடப்பட்ட ரயில் என்று கேட்டதெல்லாம் கையகலத்தில் செய்து தருவாள். கஸ்பாரைவிடப் பத்து வயது இளையவள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் டீச்சர் என்று கூப்பிட்டதால் அவனும் அப்படியே கூப்பிட்டான்.

அலமாரியில் ஒரு ரயில் எஞ்சின் நின்றது. கொதிகலன் முழுக்கத் துரு ஏறி, ஆணிகள் அழுதமாதிரி கறை வடிந்திருந்தது. கனமாக இருக்கும் என்று நினைத்து இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். கை விசுக்கென்று மேலே போய்விட்டது.

அட்டை.

"இது எப்படிச் செஞ்சீங்க?"

"பாத்துச் செஞ்சேன்."

"எதைப் பாத்து?"

"எஞ்சினை."

தொழில் ரகசியத்தைச் சொல்ல மனமில்லாமல் மழுப்புகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"உங்க படகு எதுக்கு?" என்று கேட்டாள் அவள்.

"நேர்ச்சைக்கு. மாதா கோயில்ல வைக்க."

"அதுக்கு வெள்ளிப் படகு விக்குமே. எல்லாரும் அதைத்தான் வைப்பாங்க."

"வச்சுப் பாத்தேன்."

"அப்புறம்?"

"எடுத்துட்டு வந்துட்டேன்."

எமல்டா பிரஷ்ஷைத் தின்னரில் முக்கினாள்.

*

நடந்தது இதுதான்.

போன மழைக்காலத்தில் கஸ்பாரின் படகு ஆழ்கடலில் நின்றபோது கடல் புரண்டது. பட்டப்பகலில் இருட்டிவிட்டது. வலை அடியில் எதிலோ மாட்டிக்கொள்ள, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது. இன்னும் ஓர் அலை அந்தப் பக்கம் ஏறினால் கதை முடிந்தது. வீலைப் பிடித்தபடி கஸ்பார் வாய்விட்டுச் சொன்னான்:

"தாயே, எல்லாரையும் கரை சேர்த்துரு. உனக்கு ஒரு படகு வைக்கிறேன்."

வலை அறுந்தது. படகு நிமிர்ந்தது. சாயங்காலம் கடலும் ஓய்ந்தது.

எல்லாரும் இருந்தார்கள். செபஸ்தி இல்லை.

வலைக்கயிறு ஏறி இறங்கும் பின்பக்கம்தான் செபஸ்தியின் இடம். கயிற்றை வெட்டப் போனவன் அவன்தான். வெட்டியும் இருந்தான். அவன் போனதை யாரும் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பெட்டியில்லாமல் பூசை வைத்தார்கள்.

கஸ்பார் கோயிலுக்கு எதிர்க்கடையில் ஒரு வெள்ளிப் படகு வாங்கினான். உள்ளங்கை அளவு, பளபளப்பாக, பாய் விரித்த படகு. அவன் படகில் பாய் கிடையாது. இருந்தாலும் மாதாவின் காலடியில் வைத்து, முழந்தாள் படியிட்டு எழுந்து வந்தான்.

வாசலில் செபஸ்தியின் மனைவி கிளாரா நின்றாள்.

"நேர்ச்சை செலுத்தியாச்சா, அண்ணே?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். குத்தலோ கோபமோ அதில் இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியாமல் போயிற்று. திரும்ப உள்ளே போய், காலடியில் வைத்ததை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாக வீட்டுக்குப் போனான். வைத்தால் தன் படகையே உள்ளபடி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

அதிலிருந்து அவன் கடலுக்குப் போகவில்லை. படகு துறையின் கோடியில் கட்டிக்கிடந்தது. மீன்பிடித் தடைக்காலம் வந்தது, முடிந்தது, மற்றப் படகுகளெல்லாம் கிளம்பிப் போயின.

"எப்பண்ணே போறோம்?" என்று ஆட்கள் வந்து கேட்டார்கள்.

"வேலை கிடக்கு," என்றான்.

கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, பாதிப் பேர் வேறு படகுகளுக்குப் போய்விட்டார்கள்.

*

"முதல்ல எதைப் பூசணும்?" என்று கேட்டான் கஸ்பார்.

எமல்டா எழுந்து பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வந்தாள். குடிக்கத் தருகிறாள் என்று கையை நீட்டினான். அவள் அதைத் தகரப் படகின் கூரைமேல் மெதுவாக ஊற்றினாள்.

தண்ணீர் கூரையிலிருந்து வழிந்தது. சுவரோடு இறங்கியது. பாதி விளிம்பைத் தாண்டி மேசையில் கொட்டியது. மீதி வின்ச்சின் காலடியிலும், ஏணி சேரும் மூலையிலும், ஐஸ் பெட்டி மூடியின் மடிப்பிலும் தங்கியது.

"எங்க நிக்குது?"

தொட்டுக் காட்டினான்.

"எங்க நிக்கல?"

அதையும் காட்டினான்.

"போயிட்டு நாளைக்கு வாங்க."

படி இறங்கும்போது அவனுக்கு எரிச்சலாக வந்தது. வாழ்நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறாளாம்.

ஆனாலும் வீட்டுக்குப் போனதும் படகைத் தாம்பாளத்தில் வைத்து மறுபடி ஊற்றிப் பார்த்தான். சொம்பைச் சாய்க்கிற பக்கத்தை மாற்றி மாற்றி ஊற்றினான். அவன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சப்பிள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரில்லா இருக்கு," என்றாள்.

*

அடுத்த முறை எமல்டா உப்பு வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள்.

முதலில் படகு முழுக்கத் துரு நிறம். அது காய்ந்ததும் மேலே ஈரம் தொட்டுக் கல்லுப்பைத் தூவ வேண்டும். உப்பின்மேல் நீலம். எல்லாம் காய்ந்தபிறகு பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால், உப்பு உதிரும். உப்பு இருந்த இடமெல்லாம் நீலம் பெயர்ந்து, கீழே துரு தெரியும்.

கஸ்பார் அப்படியே செய்தான். உப்பு உதிர உதிர அவனுக்கு வாயடைத்துப் போயிற்று. பெயிண்ட் உரிந்து, ஓரம் பிசிறி, அடியில் பழுப்பு எட்டிப் பார்த்தது. நிஜ இரும்பு தோற்றுவிடும்.

மறுநாள் காலையிலேயே எடுத்துக்கொண்டு ஓடினான்.

எமல்டா ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு நல்லா வந்திருக்கு."

"துரு நல்லா வந்திருக்குன்னு சொல்லுங்க."

"உப்புதான் தெரியுது. கருவாட்டுக்கு வீசுற மாதிரி ஒரே சீரா வீசியிருக்கீங்க." ஒரு துணியைத் தின்னரில் நனைத்துப் பிழிந்தாள். படகின் முன்பக்கம் ஒரு கறையைத் தொட்டாள். "இது ஏன்?"

"ஏன்னா?"

"இந்த இடத்துல பெயிண்ட் ஏன் போச்சு?"

கஸ்பார் குனிந்து பார்த்தான். "நங்கூரச் சங்கிலி இறங்குறப்போ அங்க இடிக்கும்."

அதை விட்டுவிட்டாள். விரல் நகர்ந்தது.

"இது?"

"டீசல் கேன் வைக்கிற இடம். தூக்கி வைங்கலேன்னு சொன்னா கேக்கமாட்டானுங்க. தரையோட இழுத்துத்தான் வைப்பானுங்க."

அதையும் விட்டாள்.

"இது?"

"அது சும்மா. பாக்க அழகா இருக்கட்டுமேன்னு."

துணியால் ஒரே இழுப்பு. அழகு போயிற்று.

"இது?"

கஸ்பாருக்குத் தெரியவில்லை. அதுவும் போயிற்று.

இப்படியே படகைச் சுற்றி வந்தாள். முடிந்தபோது பாதிக்குமேல் மொட்டையாக நின்றது. அவன் முகம் சுண்டிவிட்டது.

"எத்தனை வாட்டி அழிப்பீங்க?"

"எத்தனை வாட்டி சும்மா வைப்பீங்களோ, அத்தனை வாட்டி."

*

அதன்பிறகு வேலை மெதுவாக நடந்தது.

ஒரு பொட்டு வைப்பதற்கு முன் அது ஏன் என்று அவன் யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்தால் ஆட்கள் வந்து நின்றார்கள். ஐஸ் பெட்டி மூடியின் ஓரம் உரிந்தது, கையால் திறக்கச் சோம்பிக் காலால் எற்றித் திறக்கிற ஒருவனால். வீல்ஹவுஸ் கதவுக்குக் கீழே அரைவட்டமாகக் கீறல் விழுந்தது, கீல் தொங்கிப்போன கதவால். அதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டு ஒருமுறையும் செய்யாதவன் கஸ்பார்தான்.

கூரையோரம் ஓர் ஆணியிலிருந்து நீளமாகக் கறை இறங்கியது.

"இது?" என்றாள் எமல்டா.

"அங்க சமையல்காரன் சட்டி தொங்கும். கழுவாம ஈரத்தோட மாட்டிருவான். புயல்ல எல்லாம் போச்சு, அந்தச் சட்டி மட்டும் போகல."

சொல்லிவிட்டு கஸ்பார் சிரித்தான். சிரித்தது அவனுக்கே விநோதமாக இருந்தது.

எமல்டா பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது என்று இப்போதுதான் காட்டினாள். கறையின் தலையில் ஒரு பொட்டு. பிறகு தின்னரில் நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால், தண்ணீர் போகிற பக்கமாகக் கீழே ஓர் இழுப்பு. கை நடுங்கினால் தப்பில்லை, தண்ணீர் நேர்க்கோட்டில் இறங்காது என்றாள்.

அவன் நன்றாகவே செய்தான். நாளாக நாளாக அவள் துணிக்கு வேலை குறைந்தது.

*

ஒருநாள் மத்தியானம் படகு முடிந்துவிட்டது என்று கொண்டுவந்து வைத்தான்.

எமல்டா கண்ணாடி வில்லையை எடுத்துக்கொண்டு அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, ஆரம்பித்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். சங்கிலி இடிக்கும் இடம், ஏணியின் மூலை, சட்டி தொங்கும் ஆணி. எங்கும் நிற்காமல் விரல் நகர்ந்தது. கஸ்பாருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் ஏறியது.

பின்பக்கம் வந்ததும் வில்லை நின்றது.

இடது ஓரம், வின்ச்சுக்குப் பின்னால், கைப்பிடிக் கம்பி. அங்கே ஒரு விரல் நீளத்துக்கு நீலம் புத்தம்புதிதாக இருந்தது. கீறல் இல்லை. கறை இல்லை. தூசிகூட இல்லை.

"இங்க ஏன் ஒண்ணுமே இல்ல?"

"அங்க துரு கிடையாது."

"ஏன் கிடையாது?"

மற்ற இடத்துக்கெல்லாம் வாய் நிறைய பதில் வைத்திருந்தவன் இப்போது ஜன்னலைப் பார்த்தான்.

"நீங்க சொன்னபடிதான் டீச்சர். காரணம் இல்லாம வைக்கக்கூடாதுன்னீங்க."

"இல்லாததுக்கும் காரணம் வேணும், அண்ணே. அந்தக் கம்பி புதுசா மாத்தினதா?"

"இல்ல."

"அப்போ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க."

"எனக்கு அந்த இடம் தெரியும்."

"சரி," என்றாள். படகை அவன் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, தன் வேலைக்குத் திரும்பிக்கொண்டாள்.

*

அவன் போகவில்லை.

வீட்டில் உட்கார்ந்து நினைவிலிருந்து அந்தக் கம்பிக்குத் துரு வைத்தான். பார்த்தான். அவள் துணி தேவைப்படவில்லை, அவனே அழித்தான். மறுபடி வைத்தான். மறுபடி அழித்தான். செபஸ்தியின் இடத்தில் அவன் வைத்ததெல்லாம் சும்மா வைத்ததாகவே இருந்தது.

கடைசியில் ஒருநாள், சாப்பிட்ட கையோடு, யாரிடமும் சொல்லாமல் துறைக்கு நடந்தான்.

வெயிலில் துறை காலியாகக் கிடந்தது. படகில் ஏறினான். வின்ச்சைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். புயலுக்குப் பிறகு அந்தப் பக்கம் அவன் கால் வைத்ததில்லை.

வலை ஏறும்போதெல்லாம் செபஸ்தி அங்கேதான் நிற்பான். வலது கை கம்பியைப் பிடித்திருக்கும். இடது கை வீல்ஹவுஸைப் பார்த்து உயர்ந்திருக்கும். மெதுவா, நிறுத்து, இழு என்று எல்லாம் அந்தக் கைதான் சொல்லும். வருஷக்கணக்காகப் பிடித்துப் பிடித்து அந்த இடத்தில் பெயிண்ட் போய், வெறும் இரும்பு பஸ் கம்பி மாதிரி மினுங்கும். எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் அங்கே மட்டும் தங்காது.

கஸ்பார் குனிந்து பார்த்தான்.

கம்பியின் இரண்டு பக்கமும் நீலம் அப்படியே இருந்தது. நடுவில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, செக்கச்செவேலென்று துரு. சொரசொரப்பாக, மரப்பட்டை மாதிரி. கம்பியில் வேறு எங்கும் இல்லை.

அவன் அதைத் தொடவில்லை. நின்றான். பிறகு இறங்கி வந்துவிட்டான்.

*

"அங்க துரு இருக்கு," என்றான் எமல்டாவிடம். "அங்க மட்டும்தான் இருக்கு."

"ஏன்?"

"ஒருத்தன் பிடிச்சு நிப்பான். கை பட்டுப் பட்டுப் பெயிண்ட் போயிருச்சு. அவன் பிடிச்சிருந்த வரைக்கும் மினுங்கிச்சு. இப்போ பிடிக்க ஆளில்ல."

எமல்டா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து இரண்டு சின்ன டப்பாக்களை எடுத்து மூடி திறந்து அவன்முன் வைத்தாள். ஒன்றில் பென்சில் கரித்தூள். இன்னொன்றில் துருப்பொடி.

"கரியை விரல்ல தொட்டுத் தேச்சா, கை பட்டு மினுங்கின இரும்பு வரும். அந்தப் பொடியை வச்சா, இன்னைக்கு நீங்க பாத்தது வரும்."

"நான் எதை வைக்க?"

"எந்த நாள் படகை மாதாவுக்குக் குடுக்கப்போறீங்க?"

அவன் இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க டீச்சர்."

"என் படகு இல்லையே."

வெயில் மேசையை விட்டு இறங்கிச் சுவருக்குப் போகும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு சுண்டுவிரலைக் கரித்தூளில் தொட்டு அந்தக் கம்பியைத் தேய்த்தான். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். இரும்பு மினுங்க ஆரம்பித்தது. செபஸ்தி டீக் குடிக்க உள்ளே போயிருக்கிறான், இப்போது வந்து பிடித்துக்கொள்வான் என்பதுபோல் இருந்தது.

கஸ்பார் அதை வெகுநேரம் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு துருப்பொடியை எடுத்து அதன்மேல் வைத்தான்.

*

"இன்னைக்கு உள்ளதுதான்," என்று படகை நீட்டினான். "சரியா இருக்கா?"

எமல்டா வில்லையை எடுத்தாள். பார்த்தாள். வைத்தாள்.

"நான் அந்தக் கம்பியைப் பாத்ததில்லையே, அண்ணே. பக்கத்துல வச்சுத்தான் சொல்லணும்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தகரப் படகை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் முன்னால் நடக்க, கஸ்பார் பின்னால் போனான். துறையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள்.

படகில் ஏறியதும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"எங்க?"

"இங்கதான்," என்று கம்பியின்மேல் கையை வைத்தான் கஸ்பார்.

இடத்தைக் காட்டத்தான் வைத்தான். வைத்த கை அங்கேயே இருந்துவிட்டது.

"இங்க நின்னுதான் கையைக் காட்டுவான். நான் வீல்ல இருந்து கழுத்தைத் திருப்பிப் பாத்துப் பாத்து ஓட்டுவேன். அன்னைக்கும் இங்கதான் நின்னான். படகு சரிஞ்சு நிக்குது. நான் முன்னாடி அலையைப் பாக்குறதா, பின்னாடி இவனைப் பாக்குறதா? அலையைத்தான் பாத்தேன். அப்பத்தான் வேண்டினேன். எல்லாரையும் கரை சேர்த்துருன்னு. எல்லாரையும்னுதான் சொன்னேன் டீச்சர். திரும்பிப் பாத்தா கம்பி மட்டும் இருக்கு."

எமல்டா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் வேண்டுறதுக்கு முந்தியே அவன் போயிட்டான்னா, மாதா கேட்டதைச் செஞ்சிட்டா. மிச்சமிருந்த எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்துட்டா. நான் குடுக்கவேண்டியதுதான். வேண்டினதுக்கு அப்புறம் போயிருந்தான்னா..." அவன் கை கம்பியை இறுக்கியது, முறுக்கியது, விட்டது, மறுபடி இறுக்கியது. "ஒரு நிமிஷம் முந்தியா, ஒரு நிமிஷம் பிந்தியா? அதை யார்கிட்டப் போய்க் கேக்க? அவன் பொண்டாட்டி என்கிட்ட நேர்ச்சை செலுத்தியாச்சான்னு கேக்கா. என்னன்னு சொல்ல? எனக்கே தெரியலையே, அது செலுத்தவேண்டிய நேர்ச்சையா இல்லையான்னு."

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும் இல்லை, கோயில் சாமியாரிடமும் இல்லை. சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. செபஸ்தியின் பேச்சு, செபஸ்தியின் முன்கோபம், இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு கடலுக்குப் போன ஒரு நடை முழுக்கப் பேசாமல் இருந்தது, பேசாமலே அவன் கையைக் காட்டியது, பார்க்காத மாதிரி பார்த்து இவன் படகை ஓட்டியது. கை அதன்பாட்டுக்குக் கம்பியில் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது.

அலை படகின் வயிற்றில் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படகின் கயிறு முனகியது.

அவன் பேசி ஓய்ந்தான்.

கஸ்பார் கையை எடுத்தான். உள்ளங்கை முழுக்கச் செந்நிறமாக இருந்தது.

எமல்டா குனிந்தாள். தகரப் படகைக் கம்பியோடு ஒட்டிப் பிடித்து, இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். வில்லையை எடுத்து இன்னொருமுறை பார்த்தாள்.

"தப்பா இருக்கே, அண்ணே."

"எது?"

"இது." தகரப் படகைக் காட்டினாள். "கம்பி இப்போ இப்படி இல்ல."

கஸ்பார் குனிந்து பார்த்தான். கம்பியில் அவன் கை இருந்த இடத்தில் பொடியெல்லாம் போய்விட்டிருந்தது. அடியில் இரும்பு கறுப்பாகத் தெரிந்தது. மேடான ஓரிடத்தில், நகக்கண் அளவுக்கு, வெயில் பட்டு மினுங்கியது.

அந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தான்.

"திருத்தணுமா?" என்று கேட்டான்.

"நிக்கிற படகுன்னா ஒரு தடவை திருத்தினாப் போதும். ஓடுற படகுக்குத் திருத்தித் தீராது."

கஸ்பார் உள்ளங்கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, அவள் கையிலிருந்து தகரப் படகை வாங்கினான்.

"அப்போ இன்னைக்கே கொண்டுபோய் வச்சிர்றேன் டீச்சர்," என்றான். "நாளைக்குப் படகு எஞ்சினைப் பாக்கணும்."